மின்கம்பத்தில் ஏன் நான்கு கம்பி?



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரே மூச்சில் முடியாதவர்கள் இரண்டு தவணையாகப் படியுங்கள்.

அணைக்கட்டு, ஒடுகத்தூர், பள்ளிகொண்டா பக்கத்துப் பிள்ளைகள் முன்பெல்லாம் படிப்பு முடிந்ததும் ஆம்பூர் ஷூ கம்பெனிக்கோ, ராணிப்பேட்டைக்கோ, வளைகுடாவுக்கோ போவார்கள். இப்போது இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. துபாயிலோ டெக்சாஸிலோ கட்டப்போகும் கட்டடத்துக்கு இங்கிருந்தே கணினியில் மின்சாரப் படம் வரைகிறார்கள். என்னிடம் படித்த சிலரும் அந்த வேலையில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கேட்ட கேள்விதான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

"சார், ரெவிட்டில் பேனல் போர்டு வைத்துவிட்டேன். சர்க்யூட் சேர்க்கப் போனால் சேர மாட்டேன் என்கிறது. முதலில் டிஸ்ட்ரிபியூஷன் சிஸ்டம் எதுவென்று சொல் என்கிறது. பட்டியலைத் திறந்தால் 120/208, 277/480 என்று வருகிறது. நம்ம ஊரில் இந்த எண்ணெல்லாம் கிடையாதே, இதெல்லாம் எங்கிருந்து வந்தது?"

நான் என்ஜினியர் இல்லை. ஆனால் "எங்கிருந்து வந்தது?" என்பது வரலாற்றுக் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு.

முதலில், தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ரெவிட் என்பது கட்டடம் வடிவமைக்கும் மென்பொருள். 2000ல் வெளிவந்தது, 2002ல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. பழைய வரைபட மென்பொருளில் கோடு வெறும் கோடுதான். ரெவிட்டில் நீங்கள் வைக்கும் பேனல் போர்டு தன்னைப் பேனல் போர்டு என்று அறிந்திருக்கும். எத்தனை வோல்ட் வருகிறது, எத்தனை கம்பி வருகிறது என்று அதற்குச் சொல்லியாக வேண்டும். அதற்கென ஓர் அட்டவணை இருக்கிறது. பெயரை விட்டுவிட்டால் அதில் ஐந்து கட்டங்கள்: எத்தனை பேஸ், ஸ்டாரா டெல்டாவா, எத்தனை கம்பி, லைனுக்கும் லைனுக்கும் எத்தனை வோல்ட், லைனுக்கும் தரைக்கும் எத்தனை வோல்ட்.

இந்த ஐந்து கட்டங்களுக்குள் நூற்று நாற்பது ஆண்டு வரலாறு அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு நாட்டின் வரலாறும் வேறு. அதனால் ஒவ்வொரு நாட்டின் எண்ணும் வேறு. தெரியாமல் கையில் கிடைத்த எண்ணைத் தேர்ந்தெடுப்பவர், அடுத்தவர் வரலாற்றை நம் கட்டடத்துக்குள் கொண்டுவந்து வைக்கிறார். அதனால் வரும் ஆபத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலில் கதை.

வோல்ட்: 110ஆ 220ஆ?

1882 செப்டம்பர் 4. நியூயார்க் பேர்ல் தெருவில் எடிசன் தன் மின் நிலையத்தை இயக்கினார். அது நேர்மின்சாரம், சுமார் 110 வோல்ட். எடிசனின் கார்பன் இழை பல்பு தாங்கக்கூடிய அளவைப் பார்த்து வைத்த எண் அது.

குறைந்த வோல்ட்டில் மின்சாரம் அனுப்பினால் கம்பி தடிமனாக வேண்டும். தாமிரம் விலை அதிகம். எடிசன் அதற்கு ஒரு தந்திரம் செய்தார். 1883ல் பென்சில்வேனியாவின் சன்பரி என்ற சிற்றூரில் மூன்று கம்பி முறையைக் கொண்டுவந்தார். ஓரத்துக் கம்பிகள் இரண்டுக்கும் நடுவே 220 வோல்ட். நடுக் கம்பிக்கும் ஓரக் கம்பி ஒன்றுக்கும் 110 வோல்ட். பல்புகளைப் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் போட்டால் நடுக் கம்பியில் ஏறக்குறைய ஒன்றும் ஓடாது. அந்த நடுக் கம்பிதான் நாம் இன்று நியூட்ரல் என்று சொல்வதன் முன்னோடி. அமெரிக்க வீடுகளுக்கு இன்றும் 120, 120, நடுவில் நியூட்ரல் என்று மூன்று கம்பி போவது எடிசன் போட்ட பாதைதான். நேர்மின்சாரம் போய் மாறுமின்சாரம் வந்தும் எண் மாறவில்லை.

ஐரோப்பா வேறு வழியில் போனது. 1899ல் பெர்லின் மின்சாரக் கம்பெனி 110ஐ விட்டுவிட்டு 220க்கு மாறியது. வாடிக்கையாளர்களின் பழைய பல்பையும் சாமான்களையும் மாற்றிக் கொடுத்த செலவைக்கூடத் தாமிரத்தில் மிச்சம் பிடித்த பணத்தில் ஈடுகட்டிவிட்டார்கள்.

கணக்கு எளிது. 1,000 வாட் அயர்ன்பாக்ஸ் 230 வோல்ட்டில் 4.35 ஆம்பியர் இழுக்கும். 115 வோல்ட்டில் அதே வேலைக்கு 8.7 ஆம்பியர் வேண்டும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் அதே கம்பியில் வெப்பமாக வீணாவது நான்கு மடங்கு. நம்மை ஆண்டது பிரிட்டன். ஆகவே 230, 240 என்ற குடும்பத்து எண்கள் நமக்கு வந்தன. அமெரிக்காவுக்குப் போகும் நம் பெண்கள் சென்னையில் தேடித் தேடி 110 வோல்ட் மிக்ஸி வாங்கிப் போகிறார்களே, அது எடிசன் பல்புக்குப் பார்த்து வைத்த எண்ணுக்கு நாம் இன்றும் கட்டும் கப்பம்.

பேஸ்: ஏன் மூன்று?

எடிசனின் நேர்மின்சாரம் ஒரு மைல் சுற்றளவைத் தாண்டத் திணறியது. மாறுமின்சாரத்தை டிரான்ஸ்பார்மர் வைத்து ஏற்றலாம், இறக்கலாம், தூரம் அனுப்பலாம். ஆனால் அதில் மோட்டார் ஓட்டுவது தொடக்கத்தில் பெரும் தலைவலி. 1880களின் கடைசியில் அமெரிக்காவில் டெஸ்லாவும், ஜெர்மனியில் டோலிவோ டோப்ரோவோல்ஸ்கி என்ற ரஷ்யப் பொறியாளரும் அதற்கு வழி கண்டார்கள். மூன்று பேஸ் மோட்டாரைச் செய்து காட்டியவர் டோப்ரோவோல்ஸ்கி.

நம் வீடுகளில் நெல் குத்தியதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒருத்தி மட்டும் குத்தினால் உலக்கை விழும், பிறகு ஏறும். நடுவில் உரல் சும்மா இருக்கும். மூன்று பெண்கள் ஒரே உரலில் முறை வைத்துக் குத்தினால் ஓர் உலக்கை ஏறும்போது இன்னொன்று இறங்கும். வேலை நிற்கவே நிற்காது. மும்முனை மின்சாரம் அப்படித்தான். மூன்று அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக, சம இடைவெளியில் வருகின்றன. அதனால் மோட்டார் தள்ளிவிட ஆளில்லாமல் தானே சுழலத் தொடங்கும்.

1891ல் ஜெர்மனியில் லாஃபன் என்ற ஊரிலிருந்து பிராங்க்ஃபர்ட் கண்காட்சிக்கு 175 கிலோமீட்டர் தூரம் மும்முனை மின்சாரத்தை அனுப்பிக் காட்டினார்கள். அதன் பிறகு உலகம் திரும்பிப் பார்க்கவில்லை.

பதினோரு ஆண்டு கழித்து அந்த அலை நம் பக்கத்து வீட்டுக்கே வந்தது. 1902ல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தூரம் மின்சாரம் போனது. தங்கவயலில் சுரங்க வேலை செய்தவர்களில் பெரும்பகுதி தமிழர்கள்; அதிலும் வட ஆர்க்காட்டிலிருந்து போனவர்கள் ஏராளம். உங்களில் சிலருடைய கொள்ளுத்தாத்தா அங்கே இருந்திருப்பார். நம் ஜில்லாவின் பல ஊர்களில் அகல் விளக்கு எரிந்த காலத்தில் நம் ஜில்லாக்காரர்கள் மின்சாரம் வந்த சுரங்கத்தில் வேலை பார்த்தார்கள்.

ஸ்டாரும் டெல்டாவும்: ஒரு முக்கோணம்

மூன்று பேஸையும் இரண்டு விதமாகக் கட்டலாம். மூன்றையும் கோத்து முக்கோணமாக்கினால் அது டெல்டா. மூன்றின் ஒரு முனையையும் நடுவில் ஒன்றாகச் சேர்த்தால் அது ஸ்டார். அமெரிக்கர்கள் இதை, ஆங்கில எழுத்தின் வடிவத்தை வைத்து, 'வை' என்பார்கள். ரெவிட்டிலும் அந்தப் பெயர்தான் இருக்கும். பயப்பட வேண்டாம், நம் ஸ்டார்தான் அது.

ஒரு தாளில் பக்கம் 400 அளவுள்ள சமபக்க முக்கோணம் வரையுங்கள். அதன் நடுப்புள்ளியிலிருந்து ஒரு மூலைக்கு அளந்தால் 231 வரும். பக்கத்தை மூன்றின் வர்க்கமூலமான 1.732ஆல் வகுத்தால் அதே விடை. பக்கம்தான் லைனுக்கும் லைனுக்கும் உள்ள வோல்ட். நடுவிலிருந்து மூலைக்கு உள்ள தூரம்தான் லைனுக்கும் நியூட்ரலுக்கும் உள்ள வோல்ட். 400க்கு 230. பழைய 415க்கு 240.

இப்போது அந்த அமெரிக்க எண்களைப் பாருங்கள். 208ஐ 1.732ஆல் வகுத்தால் 120. 480ஐ வகுத்தால் 277. எல்லாம் அதே முக்கோணம்தான்; அளவு மட்டும் வேறு. சவூதியில் நெடுங்காலம் இருந்த 127, 220 என்பதும் இதே கணக்குதான். அவர்கள் இப்போது படிப்படியாக 230, 400க்கு மாறி வருகிறார்கள். ஆனால் நொடிக்கு 60 சுழற்சி. நமக்கு 50. சவூதி வேலைக்குப் படம் வரையும் பிள்ளைகள் பழைய கட்டடமா, புதிய கட்டடமா என்று கேட்டுக்கொண்டுதான் எண்ணைத் தொட வேண்டும்.

கம்பி: மேட்டூரிலிருந்து நம் தெருவுக்கு

சென்னையில் 1895லேயே மின்சார டிராம் ஓடியது. ஆனால் பட்டணத்துக்கு வந்த மின்சாரம் கிராமத்துக்கு வர அரசு இறங்க வேண்டியிருந்தது. 1927ல் சென்னை மாகாண அரசு மின்சாரத் துறையைத் தொடங்கியது. 1932ல் நீலகிரியின் பைக்காரா மின் நிலையம் இயங்கியது. அதன் மின்சாரத்தில் கோவை மில்கள் பெருகின. 1934ல் மேட்டூர் அணை முடிந்தது. 1937ல் அங்கே மின் உற்பத்தி தொடங்கியது. மேட்டூர் மின்சாரம் போய்ச் சேர்ந்த மாவட்டங்களில் நம் வட ஆர்க்காடும் ஒன்று. 1957 ஜூலை 1ல் மின்சார வாரியம் பிறந்தது. நாம் இன்றும் 'ஈபி' என்று சொல்வது அதைத்தான். 2010ல் பெயரும் அமைப்பும் மாறியும் நம் வாயில் பெயர் மாறவில்லை.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஊர் ஊராகக் கம்பம் நட்டார்கள். அந்தக் காலத்தில் நம் ஜில்லாவின் கிணறுகளில் கவலை ஓடியது. இரண்டு மாடு, வடம், சால், சாலின் கீழே தோல் வால். வாணியம்பாடி, ஆம்பூர் தோல் உலகம் முழுக்கப் போனது என்று பெருமையாகச் சொல்கிறோம். நம் கிணற்றடியிலும் தோல்தான் தண்ணீர் இறைத்தது. அந்தக் கவலையை ஓய்வுபெற வைத்தது மூன்று குதிரைத்திறன், ஐந்து குதிரைத்திறன் மோட்டார். அறுபதுகளில் மின்சாரப் பம்புசெட்டில் இந்தியாவிலேயே முன்னால் நின்றது நம் மாநிலம்.

இங்கேதான் நான்கு கம்பியின் பெருமை தெரியும். வயலில் மோட்டார் ஓட மூன்று பேஸ் வேண்டும், 400 வோல்ட். குடிசையில் பல்பு எரிய ஒரு பேஸும் நியூட்ரலும் போதும், 230 வோல்ட். இரண்டுக்கும் தனித்தனி லைன் இழுத்தால் கட்டுப்படியாகாது. ஸ்டாரில் கட்டி, நடுப்புள்ளியிலிருந்து நான்காவது கம்பியை வெளியே எடுத்தால் ஒரே கம்பத்தில் இரண்டு தேவையும் தீர்ந்தது. பம்புசெட்டும் பல்பும் ஒரே கம்பத்தில் தொங்குவது அந்த நான்காவது கம்பியால்தான். சில கம்பங்களில் ஐந்தாவதாக ஒன்று ஓடும்; அது தெருவிளக்குக்கு.

டிரான்ஸ்பார்மருக்கு வரும் 11,000 வோல்ட் லைனைப் பாருங்கள். அதில் மூன்றே கம்பி, நியூட்ரல் கிடையாது. அந்தப் பக்கம் டெல்டா. நம் பக்கம் ஸ்டார். டிரான்ஸ்பார்மரின் பெயர்ப்பலகையில் 'டி ஒய் என் 11' என்று பொறித்திருப்பார்கள். 'டி' என்றால் டெல்டா, 'ஒய்' என்றால் ஸ்டார், 'என்' என்றால் நியூட்ரலை வெளியே எடுத்திருக்கிறது, 11 என்பது கடிகார முள்ளின் இடத்தை வைத்து அலையின் நகர்வைச் சொல்வது. ரெவிட்டின் மூன்று கட்டங்களுக்கான விடையை நம் தெரு முனையிலேயே தகட்டில் அடித்து வைத்திருக்கிறார்கள்.

அதே பலகையில் 433 என்று ஓர் எண்ணும் இருக்கும். 400 இல்லையே என்று குழம்ப வேண்டாம். சுமை இல்லாதபோது டிரான்ஸ்பார்மர் வாயில் 433. லைனில் ஓடி, கடைசி வீட்டுக்குப் போவதற்குள் குறையும் என்று தெரிந்தே கொஞ்சம் கூட்டி வைத்திருக்கிறார்கள். கடைசி வீட்டுக்கும் பங்கு போய்ச் சேர வேண்டும் என்று பந்தியில் பாயசம் கூடுதலாகக் காய்ச்சுவது போல.

காகிதம் ஒன்று, களம் ஒன்று

ரெவிட்டில் '3 பேஸ்' என்று போட்டுவிட்டால் இருபத்து நான்கு மணி நேரமும் மூன்று பேஸ் இருப்பதாகவே அது நினைக்கும். நம் விவசாயிக்கு உண்மை வேறு. மும்முனை மின்சாரம் பகலில் சில மணி நேரம், இரவில் சில மணி நேரம் என்று முறை வைத்துத்தான் பல ஆண்டுகள் வந்தது. மற்ற நேரம் வீட்டு விளக்குக்கு மட்டும் இரண்டு முனை. 1984ல் சிறு விவசாயிகளுக்கும் 1990ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. கட்டணம் போனது, நள்ளிரவில் டார்ச் எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு ஓடுவது போகவில்லை.

இரண்டு முனையில் மூன்று பேஸ் மோட்டார் ஓடாது. ஓட்டினால் காயில் எரியும். நம் ஆட்கள் கேபாசிட்டர் வைத்து, இல்லாத மூன்றாவது பேஸைப் போலி செய்து ஓட்டினார்கள். புத்திசாலித்தனம்தான், ஆனால் மோட்டாருக்கும் லைனுக்கும் அது நல்லதில்லை. பிறகு சிங்கிள் பேஸ் பிரிவென்டர் வந்தது. ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்திவிடும். இதைச் சொல்லக் காரணம், படத்தில் எழுதும் எண் ஒரு வாக்குறுதிதான். அந்த வாக்குறுதி எந்தெந்த நேரத்தில் பொய்க்கும் என்று களத்தில் நிற்பவருக்குத்தான் தெரியும். படம் வரைபவர் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

நியூட்ரலும் தரையும்: உயிர் போகும் இடம்

ஐந்தாவது கட்டத்துக்கு வருவோம். அதில் 'லைனுக்கும் தரைக்கும்' என்று கேட்கிறது. நாம் வீட்டில் அளப்பது லைனுக்கும் நியூட்ரலுக்கும். இரண்டும் ஒரே 230ஆக வருவதற்குக் காரணம், டிரான்ஸ்பார்மர் அருகிலேயே நியூட்ரலைத் தரையில் இணைத்திருப்பதுதான். 1956ன் இந்திய மின்சார விதிகள் அந்த இணைப்பைத் தனித்தனியாக இரண்டாவது இருக்க வேண்டும் என்று சொல்லின. ஒன்று துருப்பிடித்துப் போனாலும் இன்னொன்று காக்கட்டும் என்று.

அதை வைத்து நியூட்ரலும் எர்த்தும் ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள். நியூட்ரல் தினமும் மின்னோட்டத்தைச் சுமந்து திரும்பும் கம்பி. எர்த், ஆபத்து நேரத்துக்கு மட்டும் காத்திருக்கும் கம்பி. நியூட்ரல் போய்விட்டது என்று எர்த்தில் இணைத்துப் பல்பு எரிய வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தை குழாயைத் தொட்டால் என்ன ஆகும் என்று அவர்கள் யோசிப்பதில்லை.

நியூட்ரல் அறுந்தால் என்ன ஆகும்? இரண்டு வீடு மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம்; இரண்டும் வேறு வேறு பேஸ். ஒரு வீட்டில் 1,000 வாட் அயர்ன்பாக்ஸ். இன்னொரு வீட்டில் 100 வாட் அளவுக்கு ஒரு டிவி. நியூட்ரல் இருக்கும்வரை இரண்டு வீட்டுக்கும் 230. அறுந்த நொடியில் இரண்டும் 400 வோல்ட்டுக்கு நடுவே தொடராக மாட்டிக்கொள்ளும். அயர்ன்பாக்ஸ் வீட்டுக்கு 36 வோல்ட். டிவி வீட்டுக்கு 364 வோல்ட். குறைவாகப் பயன்படுத்திய வீட்டுக்குத்தான் தண்டனை. மழைக்காலத்தில் ஒரே தெருவில் நாலைந்து வீட்டு டிவி ஒன்றாகப் புகைந்தது என்று கேள்விப்படுகிறோமே, பெரும்பாலும் இதுதான் காரணம்.

240 எப்படி 230 ஆனது?

நான் பள்ளியில் சேர்ந்த காலத்துப் புத்தகங்களில் 240 வோல்ட். பழைய மோட்டார்களில் 415. இப்போது எல்லாம் 230, 400. மின்சாரம் குறைந்துவிட்டதா? இல்லை. ஐரோப்பாவில் 220 வைத்திருந்த நாடுகளும் 240 வைத்திருந்த பிரிட்டனும் ஒரே எண்ணுக்கு வர வேண்டும் என்று 1983ல் உலக மின்தொழில்நுட்ப ஆணையம் 230/400 என்று வகுத்தது. நம் நாட்டில் 1988ல் ஐ.எஸ். 12360 என்ற தரம் அதை ஏற்றது.

ரெவிட்டில் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் பெயர் எண் ஒன்று, குறைந்த எல்லை ஒன்று, கூடிய எல்லை ஒன்று கேட்கும். நம் பழைய 1956 விதி அதற்கும் வழி காட்டியது: கூடவோ குறையவோ நூற்றுக்கு ஆறு. 230க்கு 216 முதல் 244 வரை. 400க்கு 376 முதல் 424 வரை. கவனித்தீர்களா? பழைய 240ம் பழைய 415ம் இந்த எல்லைக்குள்ளேயே விழுகின்றன. பழைய மோட்டாரின் தகட்டைப் பார்த்து 415 என்று போட்டாலும் மென்பொருள் ஏற்றுக்கொள்ளும். டிரான்ஸ்பார்மரின் 433 மட்டும் வெளியே நிற்கும். அங்கே 400 என்றே கொடுங்கள்.

"பட்டியலில் நமக்கு வேண்டியது வரவே இல்லை" என்ற குறைக்கும் விடை இதுதான். அமெரிக்க வார்ப்பில் இருக்கும் வரிகள் 120, 208, 240, 277, 480. நம் 400 இவற்றில் எதன் எல்லைக்குள்ளும் வராது. வைத்த பேனல் 400 என்கிறது. அட்டவணையில் அப்படி ஒரு வரி இல்லை. பாவம், மென்பொருள் என்ன செய்யும்? அமெரிக்க வரிகளை நீக்கிவிட்டு 230, 400 இரண்டையும் எல்லையோடு எழுதுங்கள். பிறகு மூன்று பேஸ், ஸ்டார், நான்கு கம்பி, 400, 230 என்று ஒரு முறை. ஒரு பேஸ், இரண்டு கம்பி, 230 என்று இன்னொரு முறை. நம் ஊர் வீட்டுக்கும் கடைக்கும் சிறு தொழிற்கூடத்துக்கும் இந்த இரண்டே போதும். அதன் பிறகுதான் பேனலுக்கு எது என்று தேர்ந்தெடுக்க வேண்டும்.

தவறினால் என்ன ஆகும்?

நம் ஊர்த் தொழிலையே எடுத்துக்கொள்வோம். தோல் பதனிடும் இடத்தில் டிரம்மைச் சுற்றும் மோட்டார், மூன்று பேஸ். 1996ல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்ன பிறகு, கழிவைச் சுத்திகரிக்காமல் தோல் தொழில் நடத்த முடியாது என்பது உறுதியானது. சுத்திகரிப்பு நிலையத்தில் காற்றூட்டும் இயந்திரங்களும் பம்புகளும் மூன்று பேஸ்தான். அவை நின்றால் அழுக்கு பாலாற்றுக்குத்தான் போகும். ஷூ கம்பெனியின் தையல் பகுதியில் விளக்கும் விசிறியும் சிறு இயந்திரங்களும் ஒரு பேஸ். அறுபது ஒரு பேஸ் இயந்திரம் இருந்தால் பேஸுக்கு இருபதாகப் பிரிக்க வேண்டும். அறுபதையும் ஒரே பேஸில் மாட்டினால் நியூட்ரல் முழுச் சுமையையும் சுமக்கும்.

இப்போது 10 கிலோவாட் மூன்று பேஸ் ஹீட்டர் ஒன்று. 400 வோல்ட்டில் 14.4 ஆம்பியர். அதே ஹீட்டருக்குக் கணினியில் 208 என்று இருந்துவிட்டால் 27.8 ஆம்பியர் என்று கணக்கு வரும். கேபிள் தேவையில்லாமல் தடிமனாகும். அது பணநஷ்டம், போகட்டும். பிரேக்கரும் இரண்டு மடங்கு பெரிதாகும். 14 ஆம்பியர் ஓட வேண்டிய இடத்தில் 25 ஆம்பியர் ஓடினாலும் அது விழாமல் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். காவலுக்கு வைத்த நாய் தூங்குகிற மாதிரி.

மாற்றிப் பாருங்கள். அமெரிக்காவின் 208 வோல்ட் கட்டடத்துக்கு நம் பிள்ளை 400 என்று போட்டுவிட்டால், 28 ஆம்பியர் ஓட வேண்டிய இடத்துக்கு 14 ஆம்பியர் கேபிள் எழுதிவிடும். பிரேக்கரையும் அதே கணக்கில் போட்டிருந்தால் அடிக்கடி விழும். 'தொல்லை தாங்கவில்லை' என்று யாரோ பிரேக்கரை மட்டும் பெரிதாக்குவார்கள். அன்றைக்கு அந்தச் சுவருக்குள் கேபிள் சூடாகத் தொடங்கும். அந்தக் கட்டடத்தில் தூங்குபவர்களுக்கு, படம் வரைந்தவர் அணைக்கட்டில் இருக்கிறார் என்று தெரியப்போவதில்லை.

அதனால்தான் சொல்கிறேன், மென்பொருள் முன்கூட்டியே நிரப்பி வைத்திருக்கும் எண்ணை விதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த மென்பொருள் பிறந்த ஊரின் பழக்கம் அது. எந்த ஊருக்கு வரைகிறோமோ அந்த ஊரின் கம்பத்தைத் தெரிந்துகொண்டு வரையுங்கள். வரைவது நம் ஊருக்கென்றால் இன்னும் எளிது.

வழக்கம்போல வீட்டுப்பாடம் உண்டு.

ஒன்று: உங்கள் தெரு டிரான்ஸ்பார்மரின் பெயர்ப்பலகையை வேலிக்கு வெளியே, எட்டி நின்று படியுங்கள். கைபேசி கேமராவில் பெரிதாக்கினால் தெரியும். வேலியைத் தாண்டக் கூடாது. மரத்திலும் ஏறக் கூடாது. 433ம் 'டி ஒய் என் 11'ம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு: வீட்டு மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியர் என்று எழுதிய ஆர்.சி.சி.பி. இருக்கிறதா பாருங்கள். மின்சாரம் மனித உடல் வழியாகத் தரைக்குக் கசிந்தால் அதை உணர்ந்து விழுவது அதுதான். இல்லையென்றால் இந்த மாதமே நல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் போடுங்கள். போட்டிருப்பவர்கள் அதிலுள்ள 'டெஸ்ட்' பட்டனை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும்.

மூன்று, படம் வரையும் பிள்ளைகளுக்கு மட்டும்: அடுத்த வேலையைத் திறந்ததும் சுவர், கதவு எதையும் தொடுவதற்கு முன் அந்த ஐந்து கட்டங்களைத் திறந்து, ஒவ்வொன்றும் ஏன் அந்த எண் என்று உங்களுக்கே ஒருமுறை சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால் மேலே போகலாம்.

முடித்தவர்கள் கீழே எழுதுங்கள். பலகையின் படம் எடுத்தவர்கள் படத்தையும் போடுங்கள். மார்க் உண்டு.